பெட்டிமாத்தி

“பெட்டி போச்சுங்க அம்மிணி.”

செங்கோடன் துணிப்பையை மேசைமேல் வைத்தான்.

“எங்கே போச்சு?” என்றாள் சுகந்தி.

“எங்கேயும் போகலைங்க. இதா, பைக்குள்ளதான் இருக்குது.”

“அப்புறம் போச்சுங்கறீங்க?”



அவன் பவானியில் கார் ஷெட் வைத்திருப்பவன். தலை பாதி நரைத்துவிட்டது. சுகந்தி அவனைவிட மிக இளையவள். கோயமுத்தூரில் ஒரு சந்துக்குள் கடை. கார்களின் பெட்டியைத் திறந்து சரிசெய்வது அவள் தொழில்.

பெட்டி என்றால் இஞ்சினை ஓட்டுகிற கம்ப்யூட்டர். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், எப்போது பொறி விழ வேண்டும், எல்லாம் அது சொன்னால்தான் நடக்கும். ஈசிஎம் என்று எழுதியிருக்கும். மெக்கானிக்குகளுக்கு அது பெட்டி.

பல ஊர் மெக்கானிக்குகள் சுகந்தியிடம் வந்து தெளிந்து போயிருக்கிறார்கள். அவள் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை.

“வண்டிக்கு என்ன?” என்றாள்.

“சாவி போட்டா சுத்துதுங்க. எழ மாட்டேங்குது. டேஷ்போர்டுல மஞ்ச விளக்கு எரியணுமில்லீங்களா, அதுவும் எரியலை. அதான் பெட்டி போச்சுன்னு கழட்டிட்டு வந்துட்டேன்.”

“போன மாசமும் ஒண்ணு கொண்டு வந்தீங்க.”

“ஆமாங்க.”

“அது நல்ல பெட்டி.”

“ஆமாங்க.”

“அதுக்கு முந்தி கொண்டு வந்தது?”

“அதுவும் நல்ல பெட்டிதானுங்க.”

ஊரில் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. பெட்டிமாத்தி. எந்த வண்டி நின்றாலும் பெட்டியை மாற்றுவான். சில வண்டி ஓடும். சில வண்டி ஓடாது. ஓடினாலும் ஏன் ஓடியது என்று அவனுக்குத் தெரியாது. அதுதான் அவனை அரித்தது.

“அம்மிணி, இந்த வண்டி ராக்கியண்ணனுதுங்க.”

“யாரு அவரு?”

“கல்யாணச் சமையல் மாஸ்டருங்க. அவரு கரண்டி போகாத மண்டபம் எங்க பக்கத்துல இல்லை. வாய் அதைவிட நீளம். இந்த வண்டியும் எழலைன்னா பந்திக்குப் பந்தி என் பேரைப் பரிமாறிருவாரு. அப்புறம் எவன் வண்டி கொண்டு வருவான்? ஷெட்டை மூடிட்டு மில்லுக்கு வாட்ச்மேனாப் போக வேண்டியதுதான்.”

சுகந்தி பெட்டியை எடுத்தாள். மேசையில் இருந்த ஒயர்களை அதில் செருகினாள். கரண்டு கொடுத்தாள். தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“பேசுது” என்றாள்.

“பேசுதுங்களா?”

“நல்லாப் பேசுது. எடுத்துட்டுப் போங்க.”

செங்கோடனுக்குக் கோபம் வந்தது.

“என்னங்க அம்மிணி, விளையாடறீங்களா? வண்டியில ஸ்கேனரைப் போட்டு எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுங்களா? ஒரு பதிலும் இல்லை. பதில் சொல்லாத பெட்டி செத்த பெட்டிதானுங்களே?”

சுகந்தி தன் செல்போனை எடுத்தாள். ஒரு நம்பரை அழுத்தினாள். காதில் வைத்தாள். அப்படியே நின்றாள்.

செங்கோடன் காத்திருந்தான். அவள் பேசவில்லை.

“யாருக்குங்க?”

“உங்களுக்குத்தான்.”

அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.

“அட, பஸ்ல வரும்போதே சார்ஜ் தீர்ந்துபோச்சுங்க.”

“அப்படியா?” போனைக் கீழே வைத்தாள். “பதிலே இல்லையா, நீங்க செத்துட்டீங்கன்னு நினைச்சுட்டேன்.”

அவள் அடுத்த பெட்டியைத் திறக்கப் போய்விட்டாள்.

செங்கோடன் பெட்டியைப் பைக்குள் போட்டான். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

&nbsp;

ஷெட்டில் ராக்கியண்ணன் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாப்பா பெட்டிமாத்தி. புதுப் பெட்டி வாங்கியாச்சா?”

“இல்லைங்க மாஸ்டர். பழைய பெட்டியேதான்.”

“ரிப்பேர் பண்ணியாச்சா?”

“ரிப்பேர் ஒண்ணுமில்லைங்க. நல்லா இருக்குதாம்.”

“ஓ! கோயமுத்தூருக்குப் போயி காத்து வாங்கிட்டு வந்திருக்குது பெட்டி. கொடுத்து வச்சது.”

செங்கோடன் வண்டிக் கதவைத் திறந்தான். டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டுக்கு முன்னால் குனிந்தான். பெட்டி மாட்டும் சாக்கெட் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

மீட்டரை எடுத்தான். கரண்டு வருகிற ஒயரைப் பார்த்தான். பன்னிரண்டு வோல்ட். சரி.

எர்த் ஒயரைப் பார்த்தான். ஒயர் அறுபடாமல் இருந்தால் மீட்டர் கத்தும். மீட்டர் கீ என்று கத்தியது. சரி.

எல்லாவற்றையும் மறுபடி பார்த்தான். பன்னிரண்டு. கீ.

பெட்டியை மாட்டினான். சாவியைத் திருப்பினான்.

வண்டி சுற்றியது. எழவில்லை. மஞ்சள் விளக்கு இல்லை.

“ஏப்பா, நாளன்னிக்கு அந்தியூர்ல முகூர்த்தம். சாமான் ஏத்தணும்” என்றார் ராக்கியண்ணன். “மீட்டர் என்னமோ பாட்டுப் பாடுதே. வண்டியைப் பாடச் சொல்லுப்பா.”

&nbsp;

விடிந்ததும் செங்கோடன் மறுபடி பஸ் ஏறினான்.

சுகந்தி கடையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“கரண்டு பார்த்தீங்களா?”

“பார்த்துட்டனுங்க. வருது.”

“எர்த்து?”

“அதுவும் நல்லா இருக்குதுங்க.”

“எப்படித் தெரியும்?”

“மீட்டர் கத்துச்சுங்க.”

“கத்துச்சா.”

“கத்துச்சுங்க. நல்ல சத்தம்.”

சுகந்தி துடைப்பத்தை மூலையில் சாத்தினாள். மேசைக்கடியில் இருந்து ஒரு முழ ஒயரை எடுத்தாள். உள்ளே போனாள். வந்தாள். ஒயரின் நடுவில் இப்போது கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

“இந்த ஒயர் எப்படின்னு பாருங்க.”

இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தான். கீ.

“நல்ல ஒயருங்க.”

“நிச்சயமா?”

“நிச்சயமாங்க.”

“சரி.” ஒரு ஹெட்லைட் பல்பை எடுத்து அந்த ஒயரில் கட்டினாள். “பேட்டரியில வைங்க.”

வைத்தான்.

ஒரு மின்னல். அவ்வளவுதான். பல்பு அணைந்தது. டேப்பில் இருந்து மெல்லிய புகை வந்தது.

“பல்பு போச்சுங்க!” என்றான்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். பல்பை அவிழ்த்து வேறு ஒயரில் கட்டி வைத்துப் பார்த்தான். கண் கூசும்படி எரிந்தது.

பிறகு டேப்பைப் பிரித்தான்.

உள்ளே செப்பு இழைகள் எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. ஒன்றே ஒன்றை மட்டும் விட்டு வைத்திருக்கிறாள். அதுவும் இப்போது கருகி அறுந்து கிடந்தது.

“யாருங்க வெட்டினது?”

“நான்தான்.”

“எதுக்குங்க இப்படி?”

“டீ குடிக்கப் போறேன். கடையைப் பார்த்துக்குங்க.”

போய்விட்டாள்.

செங்கோடன் தனியாக நின்றான். வேறொரு ஒயரை எடுத்தான். தோலைச் சீவினான். ஒரு இழையை மட்டும் விட்டு மற்றதை வெட்டினான். மீட்டரை வைத்தான்.

கீ.

அதே சத்தம். முழு ஒயருக்கு என்ன சத்தமோ அதே சத்தம்.

பல்பைக் கட்டினான். மின்னல். புகை.

இன்னொன்று வெட்டினான். கீ. மின்னல். புகை.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் உள்ளுக்குள். அப்புறம் சந்தே கேட்கும்படி. எதிர்க்கடை டெய்லர் எட்டிப் பார்த்தார்.

சுகந்தி திரும்பி வந்தபோது தரையெல்லாம் ஒயர்த்துண்டு. செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என்னண்ணா ஆச்சு?”

“ஒண்ணுமில்லைங்க அம்மிணி. இத்தனை வருசமா நான் கேட்ட சத்தத்தையெல்லாம் நினைச்சேன்.”

“ஒயர் வீணாப் போச்சு.”

“வாங்கித் தந்தர்றனுங்க.”

அவன் ஹெட்லைட் பல்பைப் பையில் போடப் போனான். சுகந்தி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“பெட்டி ஒயருக்கு இது பெருசு.” ஒரு சின்ன இண்டிகேட்டர் பல்பைக் கொடுத்தாள். “இது போதும்.”

“நீங்களும் ஒரு தடவை வந்து பார்த்தா...”

“கூட்டற வேலை பாதியில நிக்குது” என்று துடைப்பத்தை எடுத்தாள்.

&nbsp;

ராக்கியண்ணன் அதே முக்காலியில் இருந்தார்.

“பெட்டி இன்னைக்கு எங்கே போயிட்டு வந்துச்சு? ஊட்டிக்கா?”

“பெட்டி இங்கேயேதான் இருந்துச்சுங்க. நான்தான் போயிட்டு வந்தேன்.”

“உனக்கு ரிப்பேர் முடிஞ்சுதா?”

“பார்க்கலாமுங்க.”

செங்கோடன் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தான். சாக்கெட்டில் கரண்டு வருகிற ஒயருக்குப் பல்பைக் கட்டினான். மறுமுனையைப் பேட்டரியின் எர்த்தில் வைத்தான்.

பளீர் என்று எரிந்தது.

“இது சுமக்குது” என்றான்.

“என்னப்பா சுமக்குது?”

“கரண்டைத்தானுங்க.” பல்பை மாற்றிக் கட்டினான். ஒரு முனை பேட்டரியின் பிளஸ்ஸில். மறுமுனை சாக்கெட்டின் எர்த் ஒயரில்.

பல்புக்குள் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. பீடி நுனி அளவு. அதுவும் நடுங்கியது.

மீட்டரை வைத்தான். கீ என்று கத்தியது.

“கத்து” என்றான் மீட்டரிடம். “நல்லாக் கத்து.”

“ஏப்பா, கோயமுத்தூர்ல உனக்கு என்ன கொடுத்தாங்க?” என்று முக்காலியோடு நகர்ந்து வந்தார் ராக்கியண்ணன்.

செங்கோடன் எர்த் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனான். அது முன்சீட்டின் கால்மிதி அடியில் நுழைந்தது. கால்மிதியைத் தூக்கினான். அடியில் ஒட்டியிருந்த மெத்தை ஈரமாக இருந்தது. ஓரத்தில் ஒரு போல்ட்டில் ஒயர் முடிந்தது.

வெளியே பார்த்தால் ஒயர் சுத்தம். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. போல்ட்டை அவிழ்த்து, முனையில் ஒரு விரல் நீளம் தோலை உரித்தான்.

உள்ளே சிவப்புச் செம்பு இல்லை. பச்சை. தொட்டதும் தூளாக உதிர்ந்தது. நடுவில் ஒன்றிரண்டு இழைதான் பாக்கி.

செங்கோடன் அதை வெளிச்சத்தில் பிடித்தான். இப்படி ஒரு பச்சையை ஒயருக்குள் அவன் பார்த்ததில்லை. மழைத் தண்ணீர் பட்டால் கறுக்கும். இது வேறு.

ராக்கியண்ணன் குனிந்தார். ஒரே பார்வைதான்.

“களிம்பு” என்றார்.

“என்னங்க?”

“களிம்பு புடிச்சிருக்குதப்பா. ஈயம் பூசாத அண்டாவுல புளியை ஊத்தினா ராத்திரிக்குள்ள இப்படித்தான் பச்சையா வரும். நான் பார்க்காத களிம்பா? எவனோ உள்ளே புளித்தண்ணியை ஊத்தியிருக்கான். எந்தப் படுபாவி...”

நிறுத்தினார்.

செங்கோடன் அவரைப் பார்த்தான்.

ராக்கியண்ணன் முன்சீட்டைப் பார்த்தார்.

ஒவ்வொரு முகூர்த்தம் முடிந்ததும் அவர் ஒரு தூக்குவாளி ரசம் வீட்டுக்குக் கொண்டு போவார். அவர் சம்சாரம் ஒரு வாய் குடித்துவிட்டு ‘ம்’ என்று சொன்னால்தான் அன்றைக்கு அவருக்குத் தூக்கம். தூக்குவாளி முன்சீட்டின் காலடியில் இருக்கும். ரோட்டில் குழி இருக்கும். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

“என் ரசத்தைக் குடிச்சு இதுவரைக்கும் ஒருத்தன் படுத்ததில்லை, தெரிஞ்சுக்க” என்றார் குரலை உயர்த்தி.

“வண்டி படுத்துருச்சுங்களே.”

“அது ரசம் குடிக்கத் தெரியாத வண்டி.”

“அதுக்கு மிளகு ஒத்துக்கலைங்க.”

ராக்கியண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடப்பாவி! ஊரு பூரா வாழ்த்தற ரசம்ப்பா!”

செங்கோடன் போல்ட் இருந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். இரும்பு வெள்ளையாக மின்னும்வரை தேய்த்தான். பச்சை ஏறாத இடம்வரை பழைய ஒயரை வெட்டினான். புது ஒயரைச் சேர்த்து முறுக்கி ஈயம் வைத்தான். போல்ட்டை இறுக்கினான்.

பல்பைக் கட்டினான்.

ஷெட்டின் கூரைவரை வெளிச்சம் அடித்தது.

பெட்டியை மாட்டினான்.

ராக்கியண்ணன் முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். “எழுமா?”

“தெரியலைங்க.”

“என்னப்பா, தெரியலைங்கறே? எப்பவும் ‘ஓடும், நான் கேரண்டி’ன்னு நெஞ்சைத் தட்டுவியே?”

“அப்பெல்லாம் தட்டுவனுங்க.”

“எழலைன்னா?”

இரண்டு நாளாகச் செங்கோடன் மனசில் கிடந்த கேள்வி அதுதான். மில் வாசலும் வாட்ச்மேன் சட்டையும் கண்ணில் வந்துகொண்டே இருந்தன. இப்போது தேடிப் பார்த்தான். வரவில்லை.

“எழலைன்னா அடுத்த ஒயருக்குப் பல்பைக் கட்டிப் பார்ப்பேனுங்க” என்றான்.

சாவியை ராக்கியண்ணனிடம் நீட்டினான். அவர் மனதுக்குள் ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். திருப்பினார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

வண்டி எழுந்தது. தும்மவில்லை, திணறவில்லை. ஒரே பிடியில் எழுந்து சீராக ஓடியது.

“ஏய்ய்ய்!” என்று கத்தினார் ராக்கியண்ணன். ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். பக்கத்து டயர் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். “பாருங்கடா! அதே பெட்டி! பெட்டியைத் தொடவே இல்லை! என் ரசம்டா! என் ரசம்!”

ஆளுக்காள் செங்கோடன் முதுகில் தட்டினார்கள்.

செங்கோடன் சிரித்தான். ஜன்னல் வழியாகக் கையை விட்டான். சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினான்.

கூட்டம் அடங்கியது.

“ஏன்ப்பா நிறுத்தினே?”

அவன் குனிந்து போல்ட்டை அவிழ்த்தான். தான் வைத்த ஈயத்தை உருக்கிப் புது ஒயரைக் கழற்றினான். வெட்டிப் போட்ட பச்சைத் துண்டைத் தரையில் தேடி எடுத்தான். அதைப் பழையபடி ஒயருக்கும் போல்ட்டுக்கும் நடுவில் கட்டினான்.

ராக்கியண்ணன் ஸ்டீயரிங்கில் அடித்தார்.

“யோவ்! ஓடற வண்டியை எதுக்குய்யா கெடுக்கறே? அந்தியூர்ல முகூர்த்தம்யா!”

“திருப்புங்க மாஸ்டர்.”

“மாட்டேன்.”

“திருப்புங்க.”

திருப்பினார். வண்டி சுற்றியது. எழவில்லை. மஞ்சள் விளக்கு இல்லை.

டயர் கடைக்காரர்களில் ஒருவன் “போச்சு” என்று முணுமுணுத்தான்.

செங்கோடனின் முகம் மட்டும் மலர்ந்துகொண்டே வந்தது. பச்சைத் துண்டை உருவி எறிந்தான். புது ஒயரைக் கட்டினான். போல்ட்டை இறுக்கினான். அவசரமே இல்லை.

“இப்பத் திருப்புங்க.”

எழுந்தது.

இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. செங்கோடன்தான் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். அவன் ஷெட்டில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை.

ராக்கியண்ணன் இறங்கி வந்தார். அவன் தோளைப் பிடித்தார்.

“முதல்லயே எழுந்துச்சேப்பா. அப்பக் கத்தியிருக்கலாமில்ல?”

“முதல் தடவை வண்டி எழுந்துச்சுங்க மாஸ்டர்.”

“ரெண்டாவது?”

“நான் எழுப்பினேன்.”

ராக்கியண்ணன் அந்தத் தோளை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு டயர் கடைக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

“இவன் பேரு செங்கோடன்” என்றார். “தெரியுமா?”

&nbsp;

வண்டி போன பிறகு செங்கோடன் சுகந்திக்குப் போன் போட்டான்.

“அம்மிணி, ஓடிருச்சுங்க.”

“சரி.”

“மறுபடி நிறுத்திட்டேனுங்க.”

“எதுக்கு?”

“பழைய ஒயரையே திரும்பக் கட்டினேனுங்க. எழலை. புது ஒயரைக் கட்டினேன். எழுந்துச்சு.”

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் இருக்கிறதா என்று போனை எடுத்துப் பார்த்தான். இருந்தது.

“நான் செஞ்சது தப்புங்களா?”

“அண்ணா” என்றாள் சுகந்தி. “என் கடை வாசல்ல ஒரு வண்டி நிக்குது. பெட்டி நல்லா இருக்கு. வண்டி எழ மாட்டேங்குது. எனக்குப் பிடிபடலை. எப்ப வர்றீங்க?”